லிஸ்பன் பயணம்: புறப்படுவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்குச் செல்ல நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கட்டணங்களும் திறப்பு நேரங்களும் மாறக்கூடியவை என்பதால், அவற்றைப் புறப்படும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் எத்தனையோ பழைய நகரங்கள் இருக்க, லிஸ்பனுக்கு ஏன் செல்ல வேண்டும்?

ரோமிலும் ஏதென்சிலும் இருப்பவை போன்ற மாபெரும் தொன்மைச் சின்னங்கள் லிஸ்பனில் அதிகம் இல்லை. தேஜோ ஆறு அட்லாண்டிக் பெருங்கடலைச் சேரும் முகத்துவாரத்தில், குன்றுகளின் மேலும் அவற்றின் நடுவிலுள்ள பள்ளத்திலும் பரவிக் கிடக்கும் இந்நகரம், ரோமர், அரபியர், கிறித்தவ அரசர்கள் எனப் பலருடைய ஆட்சியைக் கண்டது. பிறகு 1755 ஆம் ஆண்டு ஒரே காலைப்பொழுதில் இடிந்து விழுந்தது. அதனால் இன்று நாம் பார்ப்பது உண்மையில் இரண்டு நகரங்களை. குன்றின் மேலிருக்கும் வளைந்து நெளிந்த சந்துகள் இடிவுக்கு முந்தைய நகரத்தின் வடிவத்தைக் காட்டுகின்றன. பள்ளத்திலிருக்கும் நேர்கோட்டுத் தெருக்கள் இடிவுக்குப் பின் திட்டமிட்டுக் கட்டியவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் லிஸ்பனில் எந்தத் தெருவில் நின்றாலும் அந்தத் தெருவின் கதை புரியத் தொடங்கும்.

தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அன்று, லிஸ்பனில்தான். இதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நகருக்கு மட்டும் நான்கு முழு நாள்கள் ஒதுக்குவது நல்லது. அருகிலுள்ள அரண்மனை ஊரான சிந்த்ராவுக்கும் செல்வதாக இருந்தால் ஐந்து. இதைக் குறைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நான் முதன்முறை சென்றபோது இரண்டு நாள்களே வைத்திருந்தேன். ஆற்றங்கரைப் பகுதியான பெலேமிலுள்ள மடாலயத்தை மூடும் நேரத்துக்குச் சற்று முன் ஓடி ஓடிப் பார்த்த வருத்தம், மறுமுறை சென்று ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்த பிறகுதான் தீர்ந்தது. இங்குள்ள ஏற்ற இறக்கங்கள் கால்களைச் சோர்வடையச் செய்பவை. காலையில் ஒரு பகுதி, மதியம் ஓய்வு, மாலையில் ஒரு பகுதி என்று வகுத்துக்கொள்வதே இந்நகருக்கு ஏற்ற நடை.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை ஏறக்குறைய இருக்காது, ஆனால் கூட்டம் மிகுதி. சில நாள்களில் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். இருப்பினும் மாலையில் அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்று குளிர்ந்தே இருக்கும் என்பதால் கோடையிலும் ஒரு மெல்லிய மேலாடை தேவைப்படும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம். பனி விழாது என்றாலும், பல பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி சரியாக இல்லாததால் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம் தெரியும்.

ஜூன் 12 ஆம் நாள் இரவு புனித அந்தோணியாரின் திருவிழா. தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை, காகிதத் தோரணங்கள், காதலர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் சிறு துளசிச் செடித் தொட்டிகள் என நகரம் முழுவதும் விழித்திருக்கும். அந்தச் செடி நம் துளசியின் இனத்தைச் சேர்ந்த, சிறிய இலைகள் கொண்ட ஒரு வகை. அதை மூக்கை வைத்து முகரக் கூடாது, கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அந்த இரவைக் காண விரும்புவோர் பல மாதங்கள் முன்பே அறை பதிவு செய்ய வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா எப்படி?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா தேவை. ஒரே பயணத்தில் பல நாடுகளுக்குச் சென்றால், எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் மூன்று மாதங்கள் முன்பே தொடங்குவது பாதுகாப்பு. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

முதன்முறை செல்வோர் பைஷா என்ற பள்ளப் பகுதியில், ரொசியு சதுக்கத்தை ஒட்டித் தங்குவதே வசதி. சமதளம், மெட்ரோ, டிராம், சிந்த்ராவுக்கான ரயில் நிலையம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கும். அல்ஃபாமா பார்ப்பதற்கு அழகான பகுதி. ஆனால் பல வீடுகளில் மின்தூக்கி கிடையாது, வாடகைக் கார் வாசல் வரை வராத சந்துகளும் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறக்கூடியவர்கள் மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைர்ரு அல்த்து இரவு முழுவதும் இரைச்சலாக இருக்கும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றதன்று.

அறை வாடகையோடு நகராட்சியின் சுற்றுலா வரியாக ஆளுக்கு இரவொன்றுக்கு 4 யூரோ வசூலிக்கப்படும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு அது இல்லை. ஏழு இரவுகளுக்கு மேல் கட்ட வேண்டியதும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? நகருக்குள் எப்படிச் சுற்றுவது?

விமான நிலையம் நகரத்தின் உள்ளேயே இருக்கிறது. மெட்ரோவின் சிவப்புத் தடம் அதன் வாசலிலேயே தொடங்குகிறது; ஒரு முறை தடம் மாறி, அரை மணி நேரத்துக்குள் பைஷாவை அடைந்துவிடலாம். நிலையத்திலுள்ள இயந்திரத்தில் நவகாந்த் என்ற அட்டையை வாங்கிப் பணம் நிரப்பிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து, டிராம், படகு எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை இருவர் பகிர்ந்துகொள்ள முடியாது.

செங்குத்தான சாலைகளில் ஓடும் கம்பிவட இழுவை வண்டிகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். அவற்றில் ஒன்றான குளோரியா, 2025 செப்டம்பர் 3 அன்று தடம் புரண்டு பதினாறு பேர் உயிரிழந்தனர். பழைய வழிகாட்டி நூல்களில் உள்ளதை நம்பி இந்த வண்டிகளைத் திட்டத்தில் சேர்க்காமல், அப்போதைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் 1755 ஐப் பற்றிப் பேசுகிறார்களே, அன்று என்ன நடந்தது?

1755 நவம்பர் 1, சனிக்கிழமை, அனைத்துப் புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை மணியைத் தாண்டியபோது, கோயில்களில் மக்கள் நிறைந்திருக்க, பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருக்க, நிலம் பல நிமிடங்கள் அதிர்ந்தது. கூரைகள் இடிந்து விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே ஆற்றுநீர் உள்வாங்கி அடித்தரை தெரிந்தது. சிறிது நேரத்தில் அதே நீர் அலையாக எழுந்து வந்து கரையில் நின்றவர்களை வாரிக்கொண்டு போனது. கவிழ்ந்த மெழுகுவத்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ பல நாள்கள் எரிந்தது. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். கடல் உள்வாங்கி மீண்டும் வந்த 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையை நெஞ்சில் சுமக்கும் நம் கடற்கரை மக்களுக்கு இந்த வரலாற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசர் முதலாம் ஜோசே உயிர் தப்பினார். ஆனால் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கூரையின் கீழ் அவர் அதன் பின் வாழ விரும்பவில்லை. அஜுடா குன்றின் மேல் மரத்தாலும் துணியாலும் அமைத்த இருப்பிடத்திலேயே தங்கினார். மீட்புப் பொறுப்பு முழுவதும் அமைச்சர் செபஸ்தியாவ் ஜோசே த கார்வால்யோவின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர் அவர்தான். நோய் பரவாதிருக்க, திருச்சபையின் இசைவோடு பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் இறக்கச் செய்தார். ஒவ்வொரு பங்குக்கும் (கோயில் வட்டாரத்துக்கும்) ஒரு வினாப்பட்டியல் அனுப்பி, நில அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை வந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் எழுதி வாங்கினார். நிலநடுக்கத்தை அறிவியல் கண்ணோடு ஆராயும் முயற்சிகளில் முன்னோடியானது என்று அந்தப் பட்டியலை இன்றும் போற்றுகின்றனர்.

அந்த மறுகட்டுமானத்தை எங்கே நேரில் பார்க்கலாம்?

பைஷாவின் தெருக்களிலேயே பார்க்கலாம். பொறியாளர் மனுவேல் த மையாவும் அவருடைய குழுவினரும் வரைந்த திட்டப்படி, நேரான தெருக்களும் ஒரே உயரமுள்ள கட்டடங்களும் எழுந்தன. இக்கட்டடங்களின் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மரக்கூண்டு இருக்கிறது. நிமிர்ந்த சட்டங்கள், கிடைச் சட்டங்கள், அவற்றுக்கிடையே குறுக்காகப் பெருக்கல் குறிபோல் பொருத்திய சட்டங்கள்; இடைவெளிகளில் கல்லும் காரையும். நிலம் ஆடும்போது கல் உதிர்ந்தாலும் கூண்டு வளைந்து கொடுத்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை அடி ஓங்கி நடக்கச் செய்து அது தாங்குகிறதா என்று சோதித்தார்கள் என்பர். குஹெய்ருஸ் தெருவில் ஒரு வங்கியின் அடித்தளத்தில் உள்ள சிறு தொல்லியல் அருங்காட்சியகத்தில், ஈரமண்ணில் இறக்கிய மரத்தூண்களையும் அவற்றுக்கும் கீழே ரோமர் காலத்து மீன் ஊறவைக்கும் தொட்டிகளையும் காணலாம்.

இடிவை அப்படியே காண கார்மோ மடத்துக்குச் செல்ல வேண்டும். 1389 இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோயிலின் கூரை 1755 இல் விழுந்தது. அதன்பின் முழுமையாகப் போடப்படவே இல்லை. வளைவுகள் மட்டும் எலும்புபோல் நிற்க, கோயிலின் நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கும். தலைக்கு மேல் வெறும் வானம். இந்த நகரத்தில் ஓர் இடம் மட்டும்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் காட்டும் இடம் அதுவே. அதன் முன்னுள்ள சிறு சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, படைமுகாமுக்குள் அடைந்திருந்த பிரதமர் மார்செலு கயெத்தானு பதவி துறக்க, போர்ச்சுகலின் நெடுங்கால சர்வாதிகாரம் முடிவுக்கு வந்தது.

ரொசியுவுக்கு அருகிலுள்ள புனித தொமினிக் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். நிலநடுக்கத்தில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1959 இல் தீப்பற்றிய அதன் தூண்கள் வெடித்துச் செதில் செதிலாக உரிந்த நிலையிலேயே விடப்பட்டுள்ளன. 1506 இல் அங்கிருந்து தொடங்கிய கலவரத்தில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவுக்கல் வாசலுக்கு வெளியே இருக்கிறது.

பெலேமில் எதைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

அரை நாள். பைஷாவிலிருந்து 15 ஆம் எண் டிராமில் செல்லலாம். திங்கட்கிழமையன்று ஜெரோனிமுஸ் மடாலயம் மூடியிருக்கும். இணையத்திலேயே நுழைவுச்சீட்டு எடுத்து, காலை திறக்கும் நேரத்தில் வாசலில் நின்றுவிடுங்கள்.

1501 ஐ ஒட்டி அரசர் முதலாம் மனுவேல் எழுப்பத் தொடங்கிய இம்மடாலயத்தின் செலவில் பெரும்பகுதி, ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்கின் மேல் விதித்த நூற்றுக்கு ஐந்து வரியிலிருந்து வந்தது. மலபார் மிளகின் காசு இங்கே கல்லாகியிருக்கிறது என்றால் மிகையன்று. உள்முற்றத்தின் இரண்டு அடுக்குத் தாழ்வாரங்களில் ஏதாவது ஒரு தூணை அருகில் நின்று பாருங்கள். கப்பல் கயிறு ஒன்று தூணைச் சுற்றி ஏறுவதுபோல் செதுக்கியிருக்கும். கயிற்றின் முறுக்கு, இடையில் விழுந்த முடிச்சு எல்லாம் கல்லில் தெரியும். காலை வெயில் பட்டதும் அந்தச் சுண்ணாம்புக்கல் மெல்ல மஞ்சளாகும். ஒட்டியிருக்கும் கோயிலின் நுழைவாயிலருகே ஒருபுறம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, மறுபுறம் கவிஞர் கமோயின்ஷின் கல்லறை. காமா 1524 இல் கொச்சியில் இறந்தார். அங்கே அடக்கம் செய்யப்பட்ட எச்சங்கள் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1880 இல் இங்கே வைக்கப்பட்டன.

ஆற்றங்கரையிலுள்ள பெலேம் கோபுரம் 1514 இல் தொடங்கியது. அதன் மேற்குப் பக்கத்துச் சிறு காவல்கூண்டு ஒன்றின் அடியில் தேய்ந்துபோன ஒரு காண்டாமிருகத் தலை இருக்கிறது. குஜராத் சுல்தான் அன்பளிப்பாகக் கொடுத்து, கோவாவிலிருந்து கப்பலேறி 1515 இல் லிஸ்பனில் இறங்கிய விலங்கின் நினைவு அது. ஜெர்மானிய ஓவியர் டூரர், அந்த விலங்கை நேரில் காணாமலே, வந்த குறிப்பையும் கோட்டோவியத்தையும் கொண்டு வரைந்த படம் ஐரோப்பா முழுவதும் பரவியது.

திரும்பும் வழியில், 1837 முதல் முட்டைக் கஸ்டர்ட் பணியாரம் செய்துவரும் கடையில் நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சூடாக, இலவங்கப்பட்டைத் தூள் தூவி உண்ண வேண்டும்.

தமிழின் முதல் அச்சு லிஸ்பனில் என்பது உண்மையா?

உண்மை. 1554 பிப்ரவரியில், அரசரின் ஆணைப்படி, தமிழும் போர்ச்சுகீசியமும் கலந்த ஒரு சிறு மறைக்கல்வி நூல் லிஸ்பனில் அச்சிடப்பட்டது. கார்த்தில்யா என்று தலைப்பில் உள்ள அந்நூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்துகளில் இருக்கின்றன. கருப்பு, சிவப்பு என்று இரு வண்ணங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தமிழாக்கியவர்கள் அன்று லிஸ்பனில் வாழ்ந்த மூன்று இந்தியர்கள்: விசெந்தே த நாசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா த குருஸ். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்கள்தாம் ஏட்டில் நின்றன. அவர்களுடைய தாய்வீட்டுப் பெயர் என்ன, எந்த ஊரில் கப்பலேறினார்கள் என்பதை நினைத்தபடி நான் பலமுறை அந்த ஆற்றங்கரையில் நடந்திருக்கிறேன். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் என்னும் என்றீக்கே என்றீக்கசும் போர்ச்சுகலில் பிறந்து, முத்துக்குளித்துறையில் வாழ்ந்து மறைந்தவர்.

லிஸ்பன் கார்த்தில்யாவின் பிரதி, ஜெரோனிமுஸ் மடாலயக் கட்டடத்திலேயே இயங்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. 2022 இல் அந்த அருங்காட்சியகம் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. நீங்கள் செல்லும்போது திறந்திருந்தாலும், ஆய்வு நோக்கத்தில் நூலைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்பதே முறை.

தமிழகத்தோடு தொடர்புள்ள வேறு இடங்கள் உண்டா?

இரண்டு புனிதர்களின் நினைவிடங்களைச் சொல்வேன். பதுவை அந்தோணியார் என்று நம் ஊரில் வணங்கப்படுபவர், உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கோயில்கொண்டிருப்பவர், இத்தாலியின் பதுவையில் மறைந்தவரே தவிர அங்குப் பிறந்தவர் அல்லர். அவர் லிஸ்பன்காரர், இயற்பெயர் பெர்னாண்டு. பேராலயத்துக்குச் சற்றுக் கீழே அவர் பெயரிலுள்ள கோயிலின் நிலவறை, அவர் பிறந்த வீடு இருந்த இடம் என்று போற்றப்படுகிறது. படியிறங்கிச் சென்றால் நான்கைந்து பேர் மட்டுமே நிற்கக்கூடிய சிறிய அறை.

மற்றவர் அருளானந்தர். 1647 இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த ஜுவாவ் த பிரித்து, மதுரைப் பணித்தளத்துக்கு வந்து காவியுடுத்தி, புலால் நீக்கி, தமிழ்ப் பெயர் சூடி வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஓரியூரின் செம்மணலைப் பார்த்தவர்கள், பைஷாவின் அரண்மனைச் சதுக்கத்தில் நிற்கும்போது அந்தத் தூரத்தை உணர்வார்கள். அவர் வளர்ந்த அரண்மனை அங்கேதான் இருந்தது. 1755 இல் அழிந்துபோய், இன்று வெறும் திடலாகவும் ஆற்றுப் படித்துறையாகவும் இருக்கிறது.

கடற்பயணிகளின் நினைவுச்சின்னத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பெலேமின் கரையில் கப்பல் முகப்பைப் போல் நிற்கும் 52 மீட்டர் உயரச் சின்னம் பழைய காலத்தது அன்று; 1960 இல் சர்வாதிகார ஆட்சி எழுப்பியது. அதில் வரிசையாக ஏறி நிற்கும் மாலுமிகளிலும் படைத்தலைவர்களிலும் சிலர் நம் கரைகளுக்கு வந்தவர்கள். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்ச்சுகீசியர் கையில் வீழ்ந்ததும், அதன்பின் நல்லூர்க் கந்தசாமி கோயில் இடிக்கப்பட்டதும் அந்தப் பயணங்களின் தொடர்ச்சியே. அந்தக் கல்லில் இது எதுவும் செதுக்கப்படவில்லை. ஆகவே பிள்ளைகளோடு செல்பவர்கள் அவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அழகை ரசிப்பதும் உண்மையை அறிந்திருப்பதும் ஒரே பயணத்தில் இருக்க முடியும்.

28 ஆம் எண் டிராமில் ஏறியே ஆக வேண்டுமா?

காலை எட்டு மணிக்கு முன், மர்த்தீம் மொனீஸ் தொடக்க நிலையத்தில் ஏறுவதாக இருந்தால் ஏறுங்கள். பத்து மணிக்கு மேல் நெரிசலில் ஜன்னலே தெரியாது. பணப்பைத் திருடர்கள் அதிகம் நடமாடுவதும் இந்த வண்டியில்தான். சுவரைத் தொட்டுவிடும் அளவுக்குக் குறுகிய அல்ஃபாமா வளைவுகளைக் காண நடப்பதே மேல். கிராசா மேட்டுக்கு ஏதாவதொரு வண்டியில் ஏறிச் சென்று, அங்கிருந்து போர்த்தாஸ் து சோல் காட்சிமுனை வழியாக இறங்கிக்கொண்டே வாருங்கள். அங்கே குன்றின் மேலிருக்கும் அரபியர் காலக் கோட்டையை 1147 இல் கிறித்தவ அரசர் அஃபோன்சு என்றீக்கஸ் பிடித்தார். ஆனால் அல்ஃபாமா என்ற பெயரும் அதன் சந்துகளின் போக்கும் அரபியர் விட்டுச்சென்றவை.

முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம், காலணியில் கவனம் இருந்தால். நடைபாதைகள் முழுவதும் உள்ளங்கையளவு சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்தவை. கொத்தர் ஒருவர் தெருவில் குந்தியிருந்து, கல்லை இடக்கையில் ஏந்தி, சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சீவி, மணலில் பொருத்துவதை இப்போதும் காணலாம். நூறாண்டுக் காலடிகள் பட்டு வழவழப்பாகிவிட்ட அந்தக் கற்கள் மழையில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணியே வேண்டும். கோட்டைக்கு ஏற முடியாதவர்கள் பிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 ஆம் எண் பேருந்தில் வாசல் வரை செல்லலாம். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் பெலேமும், கிழக்கே 1998 உலகக் கண்காட்சிக்காக அமைத்த ஆற்றங்கரையும் ஏற்றவை.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். கீரை மிதக்கும் பச்சை நிற உருளைக்கிழங்குக் கஞ்சி சைவம்போல் தோன்றும், அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவது வழக்கம். "இறைச்சியும் மீனும் இல்லாமல்" என்பதற்கு "சேம் கார்னெ, சேம் பெய்ஷ்" என்று சொல்லுங்கள். மர்த்தீம் மொனீஸ் பகுதியில் இந்திய, வங்கதேச, நேபாள உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைய உண்டு. அரிசியும் பருப்பும் கறிவேப்பிலையும் தேடுவோர் அங்கே செல்லலாம். லுமியார் பகுதியிலுள்ள ராதா கிருஷ்ணர் கோயிலைப் பெரும்பாலும் மொசாம்பிக் வழியாக வந்து குடியேறிய குஜராத்திக் குடும்பங்கள் நடத்துகின்றன.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி வரும். அவை இலவசம் அல்ல. வேண்டாமென்றால் தொடாமல் விட்டுவிடலாம், அல்லது எடுத்துச் செல்லும்படி சொல்லலாம். அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

ஃபாடு இசையை எங்கே, எப்படிக் கேட்பது?

ஃபாடு லிஸ்பனின் ஏழைத் தெருக்களிலும் துறைமுகத்திலும் பிறந்த பாட்டு. பன்னிரண்டு தந்திகளுள்ள போர்ச்சுகீசியக் கித்தாரும் ஒரு சாதாரணக் கித்தாரும் துணைக்கு இருக்க, ஒருவர் நின்று பாடுவார். 2011 இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அல்ஃபாமாவின் அடிவாரத்திலுள்ள ஃபாடு அருங்காட்சியகத்தில் பகலில் பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு, இரவில் சிறிய இடமாகப் பார்த்துச் செல்லுங்கள். விளக்கைக் குறைத்ததும் பேச்சு நின்றுவிட வேண்டும். கரண்டிச் சத்தம்கூடக் கேட்காத அந்த அமைதி, பாடுபவருக்கு நாம் செய்யும் மரியாதை. மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரலின் இழுப்பு அந்நியமாக இருக்காது.

சிந்த்ராவுக்கு ஒரு நாள் போதுமா?

போதும். ரொசியு நிலையத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். பெனா அரண்மனைக்கு உள்ளே செல்ல நேரம் குறித்த சீட்டு தேவை. அதையும் சிந்த்ராவிலேயே உள்ள அரபியர் கோட்டையையும் மட்டும் வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

போர்ச்சுகீசியம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். சுற்றுலாப் பகுதிகளில் ஆங்கிலம் போதும். ஆனால் தமிழ் பேசுபவர் அந்த மொழியில் முழு அந்நியர் அல்லர். விடுதியில் அறைச் சாவி கேட்கும்போது அவர்கள் "ஷாவ்" என்பார்கள். ஜன்னலுக்கு "ஜனெலா", மேசைக்கு "மேசா", துவாலைக்கு "துவால்யா", அலமாரிக்கு "அர்மாரியு". பைஷாவில் செருப்புத் தைப்போர் தெருவின் பெயர்ப்பலகையில் இருக்கும் "சப்பத்தெய்ருஸ்" என்ற சொல்லில் சப்பாத்து இருக்கிறது. ஈழத்தவர் சொல்லும் பாண், அங்கே ரொட்டிக் கடையில் "பாவ்ன்" என்று மூக்கொலியோடு கேட்கும். நன்றி சொல்ல ஆண்கள் "ஒப்ரிகாது" என்றும் பெண்கள் "ஒப்ரிகாதா" என்றும் சொல்ல வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் காலையில் "போம் தீயா", மதியத்துக்கு மேல் "போவா தார்த்" என்று வணக்கம் கூறிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.